நாகப்பட்டினத்துப் பெரும்பள்ளியின் அடித்தளம்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கும், துறையின் அகழாய்வு இயக்குநர்கள், கல்வெட்டாய்வாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2025-26ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையில், அகழாய்வு மேற்கொள்ளப்படும் இடங்களின் வரிசையில் நாகப்பட்டினத்தின் பெயரும் இடம்பெற்றிருந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் நாகப்பட்டினம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. பல்லவர் காலம் தொட்டுச் சோழர், விசயநகரத்தார், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் மேல் ஒருவராகக் குடியேறி ஆண்ட துறைமுகம் அது. எந்தத் தெருவில் குழி வெட்டினாலும் ஏதேனும் ஒரு காலத்துப் பானை ஓடு கிடைக்கத்தான் செய்யும். அந்நகரில் எதைத் தேடுவது என்று துறை முடிவெடுக்கும்போது, கடல் கடந்த கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடாப் பகுதி) அரசன் எடுப்பித்த சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியையும் (துறவியர் மடத்தையும்), 1867ஆம் ஆண்டு அரசாங்கத்தின் அனுமதியோடு இடித்துத் தள்ளப்பட்ட செங்கல் கோபுரத்தின் அடித்தளத்தையும் தேடுவதற்கு முதலிடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

சூளாமணி விகாரத்தின் பெயரை அறியாத தமிழ் வாசகர் குறைவு. நம்மில் பெரும்பாலோர் அதனைப் புகழ்பெற்ற ஒரு வரலாற்றுப் புதினத்தின் வழியாகவே அறிந்தோம். அப்புதினத்தின் கதை நடக்கும் காலத்தில் இந்த விகாரம் கட்டத் தொடங்கப்பட்டிருக்கவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கதைக்குள் புகுந்த விகாரம் மக்கள் மனத்தில் உறுதியாக நின்றுவிட்டது. மண்ணில் நின்ற விகாரத்தின் இடத்தையோ இன்று நகரத்துக்கு வருபவர் ஒருவருக்குக் கைநீட்டிக் காட்ட முடியாது. இந்த முரண்பாட்டைப் போக்கும் ஆற்றல் உங்கள் துறைக்கு மட்டுமே இருக்கிறது.

விகாரத்தின் பிறப்புச் சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். ஒரே வளையத்தில் கோத்து இராசேந்திர சோழனின் முத்திரையிடப்பட்ட 21 ஏடுகள் அவை. ஐந்து ஏடுகளில் வடமொழியும் பதினாறு ஏடுகளில் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 வாக்கில், அவன் தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில் இருந்தபோது, கிடாரத்தரையன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுப்பிக்கின்ற விகாரத்துப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக (பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடப்படும் கொடை நிலமாக) கொடுத்த செய்தியைத் தமிழ்ப் பகுதி சொல்கிறது. அந்த அரசன் தொடங்கிய பணியை, அவன் பெயராலேயே முடித்தவன் அவன் மகன் மாரவிசயோத்துங்கவர்மன் என்பதை வடமொழிப் பகுதியிலிருந்து அறிகிறோம். தந்தையின் கொடை நிலைபெறும்படி அதனைச் செப்பேட்டில் ஏற்றியவன் இராசேந்திரன்.

இந்தச் செப்பேட்டை வெறும் கொடைச் செய்தியாகப் படித்துக் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. பெண்யானையை நடத்தி ஊரின் எல்லையைச் சுற்றி வந்ததும், அதன் அடிச்சுவட்டைத் தொடர்ந்து எல்லைக் கல்லும் கள்ளியும் நட்டதும், அண்டை ஊரார் உடனிருந்து எல்லை காட்டியதும் அதில் விரிவாக வருகின்றன. 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்கும் சற்று மேற்பட்ட நெல் என்று நிலத்தின் அளவும் வருவாயும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. கடல் கடந்த ஓர் அரசன் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு, சைவனாகிய சோழப் பேரரசனின் ஆணையால், கீழ்வேளூர்ப் பக்கத்து உழவர்கள் நெல் அளந்தார்கள். ஆனைமங்கலம் இன்றும் அதே பெயருடன் இருக்கிறது. பள்ளிக்கு நெல் கொடுத்த ஊரை நாம் அறிவோம். நெல்லை வாங்கி வாழ்ந்த பள்ளியின் இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இக்கொடை நடந்து இருபது ஆண்டுக்குள், 1025 வாக்கில், இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தின் மீது பாய்ந்தது. அந்தப் போருக்குப் பிறகும் நாகப்பட்டினத்துப் பள்ளி அழிக்கப்படவில்லை, அதன் நிலமும் பறிக்கப்படவில்லை என்பதற்கு முதலாம் குலோத்துங்கனின் சிறிய செப்பேடு சான்று. 1090 வாக்கில் அவன் ஆயிரத்தளி அரண்மனையில் இருந்தபோது, கடாரத்து அரசனின் தூதுவர் இருவர் வந்து விண்ணப்பித்ததன்பேரில், பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரி நீக்கித் தந்த செய்தி மூன்று ஏடுகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் அங்கே இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்று இரண்டு பள்ளிகள் நின்றன. படையெடுத்து வென்றவனின் பெயரைத் தாங்கிய பள்ளிக்காக, தோற்ற நாட்டின் தூதுவர்கள் வந்து பேசினார்கள் என்பது எவ்வளவு ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி! கடாரப் படையெடுப்பை மேடைதோறும் பாடுகிறோம். அதே கடாரத்தாரின் அறத்தைப் போருக்குப் பின்னும் காத்து நின்ற ஆட்சிமுறையைப் பற்றிப் பேசுவது குறைவு.

பெரிய செப்பேடும் சிறிய செப்பேடும் டச்சுக்காரர் காலத்தில் நாகையிலிருந்து கடல் கடந்து சென்று, 1862இல் லைடன் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து சேர்ந்தன. ஆய்வாளர்கள் அவற்றை லைடன் செப்பேடுகள் என்று அழைப்பது அதனால்தான். அவற்றைத் தாயகம் கொண்டுவருவது பற்றி நிரம்பப் பேசப்பட்டிருப்பதால் இங்கே அதனை நான் நீட்டவில்லை.

இனி, கோபுரத்தின் கதைக்கு வருகிறேன்.

1330களில் கடற்பயணம் செய்து 1349இல் தன் குறிப்புகளை எழுதிய வாங் தாயுவான் என்னும் சீன வணிகர், சமவெளி ஒன்றில் மரங்களும் கற்களும் சூழ நின்ற உயரமான மண்கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதிலே சீன எழுத்தில், ‘சியான்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் பணி நிறைவுற்றது’ என்னும் பொருளில் ஒரு வாசகம் இருந்ததாகவும், சீனத்திலிருந்து வந்தவர்கள் அதனைக் கல்லில் எழுதியதாகவும், தன் காலம் வரை அது அழியவில்லை என்றும் அவர் எழுதுகிறார். சியான்சுன் என்னும் தென்சொங் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கில் அது 1267. அவர் சொல்லும் இடம் நாகப்பட்டினமே என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற கருத்து. சோழர் ஆட்சி முடிவை நெருங்கிவிட்ட காலத்தில், தென்சொங் அரசின் குடிகளான சீன வணிகர்கள் சோழ மண்ணில் தம் எழுத்தைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 14 ஆண்டுகள் கழித்து, 1281இல், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழர்கள் தமது சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டுப் பொறித்தார்கள். அந்தத் தமிழ்க் கல்வெட்டு சீனத்தில் கிடைத்துவிட்டது. அதற்கு இணையாக இங்கே இருந்த சீனக் கல்வெட்டு நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.

1476ஆம் ஆண்டைச் சேர்ந்த, பர்மாவின் பெகு நகரத்துக் கல்யாணிக் கல்வெட்டிலும் நாகை வருகிறது. இலங்கைக்குச் சென்று திரும்பும் வழியில் கப்பல் உடைந்து, கால்நடையாக நாகப்பட்டினம் வந்து சேர்ந்த பர்மியத் துறவியர், அங்கே பதரிகாராமம் என்னும் பழைய விகாரம் இருந்த இடத்தைக் கண்டதாகவும், சீன தேசத்து மகாராசன் கட்டுவித்த குகையில், கடற்கரை ஓரத்தில், புத்தர் படிமத்தை வழிபட்டதாகவும் அது சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கடாரத்திலிருந்து முப்பது நாள் கடலோடி நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை சென்ற சீனத் துறவியின் பயணத்தை யிஜிங் என்னும் மற்றொரு சீனத் துறவி எழுதிவைத்திருக்கிறார். ஆக எண்ணூறு ஆண்டுக் காலம், மதம் கற்கவும் வணங்கவும் கீழைக் கடல் நாட்டார் வந்து இறங்கிய துறை இது.

1846இல் சென்னை மாகாண அரசின் அதிகாரியான சர் வால்டர் எலியட் பார்த்தபோது, நகரத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தொலைவில், மழையிலும் வெயிலிலும் அடிபட்ட ஒரு நாற்சதுரக் கோபுரம் மூன்று நிலைகளோடு நின்றது. சுண்ணச் சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல் கட்டுமானம் அது. நிலைகளைப் பிரிக்கும் கொடுங்கை வரிகளும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு வாயிலும் இருந்தன. சிற்பமோ எழுத்தோ எதுவும் தென்படவில்லை. ஊரார் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர் வெகுகாலமாகச் சீனப் பகோடா என்று குறித்து வந்தார்கள். கரையை நெருங்கும் மரக்கலங்களுக்கு அது அடையாளமாகவும் பயன்பட்டது.

அதன் அருகிலேயே இயேசு சபையார் கல்லூரி ஒன்றை நடத்தி வந்தனர். பிற்காலத்தில் 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த புனித வளனார் கல்லூரிதான் அது. கோபுரம் விழும் நிலையில் இருப்பதாகவும், அதனை இடித்து அந்தச் செங்கல்லைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் அவர்கள் 1859இல் அரசாங்கத்திடம் விண்ணப்பித்தார்கள். அப்போது அது ஏற்கப்படவில்லை. மீண்டும் விண்ணப்பித்தபோது, நேப்பியர் பிரபு சென்னை மாகாண ஆளுநராக இருந்த காலத்தில், 1867 ஆகஸ்டு 28ஆம் நாள் அனுமதி கிடைத்தது. கோபுரம் தரைமட்டமானது. சீனக் கல்லெழுத்து சொன்ன 1267ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் சரியாக அறுநூறாவது ஆண்டு அது.

இந்நிகழ்வை ஒரு மதத்தார் மீது பழி சுமத்தும் கருவியாக இன்று சிலர் கையாளுவதை நான் ஏற்கவில்லை. கேட்டவர்கள் பாதிரிமார்கள், கொடுத்தது அரசாங்கம். அந்த ஆண்டின் சூழலையும் பார்க்க வேண்டும். 1861இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொல்லியல் அளவீட்டுத் துறை 1866இல் நிறுத்தப்பட்டு, 1871இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டமோ 1904இல் வந்தது. கோபுரத்தை இடிக்க அனுமதி தந்த வேளையில், அது கூடாது என்று சொல்லும் பொறுப்பில் ஒரு துறையும் இல்லை. இன்று அப்படியில்லை, நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவேதான் இம்மடல் உங்களுக்கு.

இடித்தவர்கள் இடித்தது தரைக்கு மேலே நின்றதைத்தான். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கடற்காற்றையும் புயலையும் தாங்கிய மூன்று நிலைக் கோபுரம் ஆழ்ந்த அடித்தளம் இல்லாமல் நின்றிருக்க முடியாது. நிலத்துக்கு அடியில் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு அந்த மண்ணே ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது. 1856இல் கல்லூரிக்கு அருகில் பழைய இலுப்பை மரம் ஒன்றை அகற்றியபோது, அதன் வேருக்குக் கீழே செங்கல்லால் கட்டிய அறை ஒன்றும், அதற்குள் ஐந்து புத்தர் படிமங்களும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று நேப்பியர் பிரபுவுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பீடத்தில், ‘ஆகம பண்டிதர் உய்யக்கொண்ட நாயகர்’ என்று தமிழில் எழுதியிருந்தது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு அச்சத்தின்போது, அந்தத் திருமேனிகளைச் செங்கல் அறை கட்டிப் பாதுகாப்பாக உள்ளே வைத்து மூடியிருக்கிறார். அறை ஒன்றுதான் இருந்தது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

1856 தொடங்கி 1930கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு முதலிய இடங்களில் கிடைத்த பௌத்தப் படிமங்கள் ஏறத்தாழ 350. உச்சியில் தீச்சுடர் எழும் அந்தப் புத்தர் படிமங்களைப் பார்த்தமாத்திரத்தில் நாகப்பட்டினத்தவை என்று சொல்லிவிடலாம். பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏனையவை நாட்டின் பிற அருங்காட்சியகங்களுக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டன. நியூயார்க்கில் ஆசியச் சங்கத்தின் தொகுப்பில் உள்ள ஒரு புத்தர் படிமத்தின் பீடத்தில் தமிழ் எழுத்துப் பொறிப்பு ஒன்று இருக்கிறது. இராசேந்திர சோழப் பெரும்பள்ளியில் இருந்த அக்கசாலைப் பெரும்பள்ளி ஆழ்வார் கோயிலுக்கு, திருவுற்சவம் எழுந்தருள்வதற்காக இந்த ஆழ்வாரை எழுந்தருளுவித்தவர் சிறுதவூரைச் சேர்ந்த நாலாங்குணாகர உடையார் என்கிறது அது. பதினெட்டு நாட்டுப் பொற்கொல்லர் பணிக்கூடங்களுக்கும் நாயகர் என்னும் பொருளில், பதினெண் விசயத்து அக்கசாலைகளுக்கும் நாயகர் என்ற தொடரும் அதில் வருகிறது.

இந்த ஒரு பீடத்து எழுத்து எத்தனை செய்திகளைத் தருகிறது என்று பாருங்கள். பெரும்பள்ளிக்குள் பொற்கொல்லர்கள் தமக்கென ஒரு கோயிலை வைத்திருந்தார்கள். புத்தருக்கு ஆழ்வார் என்று பெயர். அவர் உற்சவத்தில் வீதி உலா வந்தார். சிறுதவூரார் ஒருவர் படிமம் செய்து கொடுத்தார். நாகப்பட்டினத்துப் பௌத்தத்தைச் சீனரும் கடாரத்தாரும் வந்து போன அயலார் மதம் என்றே இன்னும் பலர் கருதுகிறார்கள். தமிழ்நாட்டுக் கைவினைஞரும் ஊரினரும் தமிழ் வழக்கில் கொண்டாடிய சமயம் அது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறுபக்கம், கடாரத்து அரசனின் அதிகாரிகள் நாகைக் காரோணம் என்னும் சிவன் கோயிலில் நாகையழகர் என்னும் திருமேனிக்குச் சீனக் கனகத்தால் (சீனப் பொன்னால்) அணி செய்து கொடுத்ததை அக்கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. பள்ளியும் கோயிலும் ஒரே ஊரின் இரு முற்றங்களாக இருந்திருக்கின்றன.

எனவே உங்களிடம் நான் வேண்டுவது இது. முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். புதுவெளிக் கோபுரத்தின் இருப்பிடத்தை டச்சு, ஆங்கிலேயக் கால நிலப்படங்களோடும், எலியட் வெளியிட்ட குறிப்போடும், 1859, 1867ஆம் ஆண்டுகளின் பொதுப்பணித் துறைக் கடிதங்களோடும், இன்றைய நில அளவை எண்களோடும் பொருத்திப் பார்த்தால், ஒரு சில ஏக்கருக்குள் அதனை அடக்கிவிட முடியும். அதற்குமேல், தரையை ஊடுருவும் ராடார் கருவியைக் கொண்டு அந்த நிலத்தை வரிவரியாக அளந்தால், செங்கல் அடித்தளம் தன் இருப்பைத் தானே காட்டிக்கொடுக்கும். கட்டடங்கள் நெருங்கிவிட்ட பகுதி என்பதால் கீழடியைப் போன்ற பரந்த அகழாய்வு அங்கே கைகூடாது என்பதை அறிவேன். சிறிய சோதனைக் குழிகளே போதும். ஆனால் அந்த நிலத்தில் புதிய கட்டடம் எதற்கேனும் கடைக்கால் தோண்டும்போது துறையின் அலுவலர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை இப்போதே ஏற்படுத்துங்கள். இலுப்பை மரத்தடியில் நடந்தது போல இன்னொரு முறை நடந்தால், கண்டெடுத்தவர்களின் மனப்போக்குக்கு அதனை விட்டுவிடக்கூடாது.

அடித்தளம் கிடைத்தால் ஆய்வுலகம் நெடுங்காலமாக வாதிட்டுவரும் ஒரு வினாவுக்கு முடிவு கிடைக்கும். இடிக்கப்பட்ட கோபுரம் சூளாமணி விகாரத்தின் எஞ்சிய பகுதியா, 1267இல் சீனர்கள் எழுத்துப் பொறித்த கட்டடமா, அன்றி முன்னது நின்ற இடத்திலேயே பின்னது எழுந்ததா என்பதை ஏட்டுச் சான்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு தீர்க்க முடியாது. செங்கல்லின் அளவும், அடுக்கிய முறையும், அடித்தளக் குழியில் படிந்த சீனப் பீங்கான் ஓடுகளும் காலத்தைச் சொல்லும். சொங் காலத்துப் பீங்கானையும் அதற்குப் பிந்திய யுவான் காலத்துப் பீங்கானையும் பிரித்தறிய வல்லவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சீன எழுத்துப் பொறித்த அந்தக் கல்லும், எலியட் பார்ப்பதற்கு முன்பே பெயர்ந்து விழுந்திருந்தால், இடிபாட்டு மண்ணுக்குள் இருக்க வாய்ப்புண்டு. அது கிடைத்தால் தமிழக வரலாற்றில் அதற்கு ஒப்பான பொருள் வேறில்லை.

இரண்டாவதாக, சிதறிப்போன படிமங்கள் அனைத்துக்கும் ஒருங்கிணைந்த பட்டியல் ஒன்று வேண்டும். படிமங்களைத் திருப்பிக் கேட்பது வேறு. அதற்குச் சட்டமும் காலமும் தேவை. எந்தப் படிமம் எங்கே இருக்கிறது, நாகையின் எந்த இடத்தில் எந்த ஆண்டில் கிடைத்தது, அதன் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றைப் புகைப்படத்தோடு தமிழில் திரட்டி வைக்க இவை எதுவும் தடையில்லை. இப்பணியை அருங்காட்சியகங்கள் துறையோடு இணைந்து செய்ய வேண்டும். பீடத்து எழுத்துகளில் வரும் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் தொகுத்தாலே, பெரும்பள்ளியைத் தாங்கியவர்கள் யார் என்னும் கேள்விக்குப் புதிய விடைகள் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். கிடைத்த இடங்களை நகர வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்தால், அடுத்து எங்கே குழி வெட்டலாம் என்பதற்கும் அதுவே வழிகாட்டும்.

இறுதியாக ஒன்று. நாகையில் நடைபெறும் பணி எதுவாயினும், அதன் அறிக்கையைக் குழிகளின் அளவு, மண்ணடுக்கு, கண்டெடுத்த பொருள் என்னும் விவரங்களோடு முழுமையாகவும் காலம் தாழ்த்தாமலும் தமிழிலேயே வெளியிட வேண்டும். எதுவும் கிடைக்காத குழியைப் பற்றியும் எழுதுங்கள். கோபுரம் அங்கே இல்லை என்று உறுதியாவதும் அடுத்துத் தேடுபவருக்கு உதவும். கோபுரத்தின் இடம் உறுதியாகும் நாளில், செப்பேட்டின் தமிழ் வரிகளையும், 1867 ஆகஸ்டு 28 என்னும் நாளையும் சேர்த்துப் பொறித்த அறிவிப்புக் கல் ஒன்றை நகராட்சியின் துணையோடு அங்கே நாட்ட வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாகை வரலாற்றில் ஈடுபாடு கொண்ட வாசகன்